பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவிட்ச்

1973 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், மலைச்சரிவில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலையை முடித்துவிட்டு ஓர் இயற்பியல் பேராசிரியர் வீட்டுக்குக் கிளம்புகிறார். மறுநாள் காலை காருக்குப் பெட்ரோல் போட வேண்டும். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி வைத்திருந்த நேரம் அது. பங்க்கில் அரை மணி நேரமாவது வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அந்த நினைப்போடு நடந்தவர் கண்ணில், ஆளில்லாத அறைகளில் எரியும் விளக்குகள் படுகின்றன. அந்த மாடியில் இருபது அறைகள். திங்கட்கிழமை காலை வரை அவை அப்படியே எரியும். அதுதான் அங்கே வழக்கம்.

நின்று மனக்கணக்குப் போடுகிறார். ஓர் அறையின் விளக்குகள் சனி, ஞாயிறு முழுக்க எரிந்தால், அதற்காக மின்நிலையத்தில் எரியும் எரிபொருள் ஐந்து காலனுக்குச் சமம். இருபது அறைக்கு நூறு காலன். நம் கணக்கில் சுமார் 380 லிட்டர். நாளைக்கு எதற்காக வரிசையில் நிற்கப்போகிறாரோ, அது இங்கே யாருமில்லாத அறையில் வெளிச்சமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

அணைத்துவிட்டுப் போகலாம் என்று அறைக்குள் போனால் சுவிட்ச்சைக் காணோம். ஓர் அறையில் ஃபைல் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. இன்னொன்றில் புத்தக அடுக்கு மறைத்திருந்தது. வேறொன்றில் போஸ்டருக்கு அடியில். இருபது நிமிடம் தேடித் தேடி அணைத்தார்.

அவர் பெயர் ஆர்தர் ரோசன்ஃபெல்ட். பிற்காலத்தில் அவர் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையில் இந்த இருபது நிமிடத்தைச் சொல்லியிருக்கிறார். நான் கட்டடங்களில் எனர்ஜி ஆடிட் செய்பவள், அதாவது மின்சாரம் எங்கே எவ்வளவு வீணாகிறது என்று அளந்து சொல்பவள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அதைப் படித்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பிரிண்ட் அவுட் கிழிந்து, ஒட்டி, மறுபடியும் கிழிந்து என் லேப்டாப் பையிலேயே கிடக்கிறது.

அவர் விளக்கை அணைத்தது பெரிய காரியமில்லை. உலகத்தின் தலைசிறந்த இயற்பியலாளர்கள் வந்துபோகிற கட்டடத்தில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று யாரும் தேடியதே இல்லை என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. தேடத் தேவையே வந்ததில்லை. மின்சாரம் அவ்வளவு மலிவாக இருந்தது. மலிவாக இருப்பது கண்ணில் படாது. கண்ணில் படாததன் மேல் பீரோவை நகர்த்தி வைத்துவிடுவோம்.

ரோசன்ஃபெல்ட் 1926ல் அலபாமாவின் பர்மிங்காமில் பிறந்தவர். சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மியிடம் ஆய்வு செய்த கடைசி மாணவர்களில் ஒருவர். ஃபெர்மி எதையும் கைக்கணக்கில் மதிப்பிடுவதற்குப் பேர்போனவர். சிகாகோ நகரத்தில் எத்தனை பேர் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலில் இருக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்பாராம். மக்கள்தொகை, எத்தனை வீட்டில் பியானோ இருக்கும், வருடத்துக்கு எத்தனை முறை சுருதி சேர்ப்பார்கள், ஓர் ஆள் ஒரு நாளில் எத்தனை முடிப்பார் என்று படிப்படியாகப் போனால் உண்மைக்குப் பக்கத்தில் ஓர் எண் வந்து நிற்கும். அந்த வெள்ளிக்கிழமை இரவு ரோசன்ஃபெல்ட் போட்ட கணக்கு இந்தப் பள்ளியில் கற்றதுதான்.

பெர்க்லியில் அவர் லூயிஸ் அல்வாரெஸின் குழுவில் இருந்தார். குமிழ் அறை என்றொரு கருவி உண்டு. திரவ ஹைட்ரஜன் நிரம்பிய அதன் ஊடாக ஒரு துகள் பாய்ந்தால், போன தடத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பும். துகளை யாரும் பார்க்க முடியாது. தடத்தைப் படமெடுத்து, அளந்து, இன்ன துகள் இங்கே போயிருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். 1968ல் அல்வாரெஸுக்கு நோபல் பரிசு வந்தது. அதற்கு வெகுமுன்பே, 1957ல், இயற்பியலாளர் மரி கெல்மானுடன் சேர்ந்து ரோசன்ஃபெல்ட் எழுதிய கட்டுரையில் அதுவரை தெரிந்த துகள்களுக்கு ஓர் அட்டவணை போட்டார். அது வளர்ந்து, சட்டைப்பையில் செருகிக்கொள்கிற அட்டையாகி, இன்று உலகம் முழுக்கத் துகள் இயற்பியலாளர்கள் நம்பியிருக்கும் தரவுக் குழுவாக நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாததற்கு எண் கொடுத்து எல்லார் பைக்குள்ளும் போடுவதை அவர் ஐம்பதுகளிலேயே பழகியிருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

1974 கோடையில் அமெரிக்க இயற்பியல் கழகம் பிரின்ஸ்டனில் ஒரு மாதம் இயற்பியலாளர்களைக் கூட்டியது. கட்டடம், கார், தொழிற்சாலை மூன்றிலும் எரிசக்தி எங்கே வீணாகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அங்கே அவர்களுக்குப் பிடிபட்டதை ரோசன்ஃபெல்ட் ஓர் உவமையில் சொன்னார். பெரிய எண்ணெய் வயல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம், அது நம் கட்டடங்களுக்குள்ளும் ஆலைகளுக்குள்ளும் கார்களுக்குள்ளும் புதைந்து கிடக்கிறது, தோண்டி எடுக்கக் காலனுக்குச் சில காசுதான் செலவு என்றார். அடுத்த ஆண்டே பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கட்டட எரிசக்திக்கென ஆய்வுத் திட்டம் தொடங்கினார். துகள் இயற்பியலுக்கு அவர் திரும்பவே இல்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், நோபல் வாங்கிய குழுவில் இருந்த இடத்தை விட்டுவிட்டு, ஜன்னல், விளக்கு, ஃபிரிட்ஜ் என்று இறங்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இயற்பியலில் இந்த வேலைக்கு அன்று மதிப்பே கிடையாது. இன்றும் பொறியியல் கல்லூரிகளில் இதற்குப் பெரிய மதிப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஃபிரிட்ஜ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் எங்கே பயிற்சி வகுப்பு எடுத்தாலும் இதில்தான் ஆரம்பிப்பேன்.

1970களின் அமெரிக்க ஃபிரிட்ஜ் பெரிய தீனிக்காரன். சுவருக்குள் கண்ணாடி நார்ப்பஞ்சு. சாதாரண மோட்டார். கதவு விளிம்பில் ஈரம் கோக்காமல் இருக்க ஒரு ஹீட்டர் வேறு. குளிர வைக்கும் பெட்டியிலேயே சூடேற்றி, அந்தச் சூட்டை விரட்ட மறுபடியும் மோட்டாரை ஓட்டுகிற ஏற்பாடு. 1974 வாக்கில் சராசரியாக ஒரு புது ஃபிரிட்ஜ் வருடத்துக்குச் சுமார் 1,800 யூனிட் தின்றது. மாதத்துக்கு 150 யூனிட். நம் ஊரில் பல வீடுகளின் மொத்தப் பயன்பாடே அவ்வளவுதான்.

ரோசன்ஃபெல்ட்டிடம் டேவிட் கோல்ட்ஸ்டீன் என்றொரு ஆய்வு மாணவர் இருந்தார். சந்தையில் இருக்கும் ஃபிரிட்ஜ்களை எடுத்து, ஒரு பக்கம் விலை, இன்னொரு பக்கம் மின்செலவு என்று புள்ளி வைத்துப் பார்த்தார். அதிக விலை கொடுத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அப்படி ஒரு தொடர்பே அந்தப் படத்தில் இல்லை. அதே விலையில் அதிகம் தின்பதும் குறைவாகத் தின்பதும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. வாங்குகிறவருக்கு எது எது என்று தெரிய வழியே இல்லை. கடையில் கதவைத் திறந்து முட்டை அடுக்கைப் பார்க்கலாம், காய்கறித் தட்டை இழுத்துப் பார்க்கலாம். பதினைந்து வருடத்துக்குக் கட்டப்போகிற மின்கட்டணத்தைப் பார்க்க முடியாது.

அந்தப் புள்ளிப் படத்துக்கு அர்த்தம் ஒன்றுதான். மோசமான ஃபிரிட்ஜ்களை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டால் வாங்குகிறவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அப்போது கலிஃபோர்னியாவில் ஜெர்ரி பிரவுன் ஆளுநர். சன்டெசர்ட் என்ற இடத்தில் புதிதாக அணுமின் நிலையம் கட்ட வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. நிலையம் கட்டுவதா, ஃபிரிட்ஜைத் திருத்துவதா என்று அரசாங்கத்திடம் கேட்கும் தெம்பை இந்தக் கணக்கு கொடுத்தது. எழுபதுகளின் பின்பாதியில் கலிஃபோர்னியா ஃபிரிட்ஜுக்கு முதல் வரம்பைக் கொண்டுவந்தது. சன்டெசர்ட் நிலையம் கட்டப்படவில்லை. பிறகு வரம்பை இறுக்கிக்கொண்டே போனார்கள். 1987ல் தேசிய அளவில் சட்டம் வந்தது. 1990, 1993, 2001 என்று ஒவ்வொரு படியாக இறங்கி, புது ஃபிரிட்ஜின் செலவு வருடத்துக்குச் சுமார் 500 யூனிட்டுக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் ஃபிரிட்ஜின் கொள்ளளவு கூடியது, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலை குறைந்தது. பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. நார்ப்பஞ்சுக்குப் பதில் நுரை, நல்ல கம்ப்ரஸர், காற்றுப் புகாத கதவு ரப்பர். அவ்வளவுதான். முன்பு மட்டும் ஏன் செய்யவில்லை என்றால், கேட்க ஆளில்லை.

டியூப் லைட் சோக்கும் அவர் குழு கைவைத்த இன்னொரு பொருள். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு அந்த இரும்புச் சோக் நினைவிருக்கும். கனமாக இருக்கும், தொட்டால் சுடும், ராத்திரியில் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் போடும். சூடும் சத்தமும் காசு கொடுத்து வாங்கிய மின்சாரம்தான். பெர்க்லியில் சாம் பெர்மன் தலைமையில் இருந்தவர்கள், வினாடிக்கு 50, 60 சுற்று மின்சாரத்தை இருபதாயிரத்துக்கும் மேலாக மாற்றிக் குழலுக்குக் கொடுத்தார்கள். அதே வெளிச்சம் நான்கில் மூன்று பங்கு மின்சாரத்தில் கிடைத்தது. சத்தமும் இல்லை, துடிப்பும் இல்லை. பின்னால் வந்த சுருள் பல்புகளின் அடியில் இருந்த சின்ன மின்சுற்று இந்த வழியில் வந்ததுதான்.

ஜன்னல் கண்ணாடியில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிய உலோகப் பூச்சைப் பூசி, வெளிச்சத்தை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் திருப்பி அனுப்பும் கண்ணாடிக்கும் அந்த ஆய்வுக்கூடத்தின் உழைப்பு பெரிது. குளிர் நாட்டுக்காரர்களுக்கு அறைச்சூடு வெளியே போகக் கூடாது. நமக்கு வெயில் சூடு உள்ளே வரக் கூடாது. அதனால் நமக்கு வேண்டிய பூச்சு வேறு வகை. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் மேற்கே பார்த்து நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பாதி நாள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, உள்ளே விளக்கைப் போட்டு, ஏசியை ஓட்டுகிறார்கள். கண்ணாடி வைத்ததற்கு என்ன பயன்?

இந்த இடத்தில் அவர் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில் கலிஃபோர்னியா எரிசக்தி ஆணையம் புது வீடுகளுக்கு விதி எழுதிக்கொண்டிருந்தது. ஜன்னல் சுவரில் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரைவு வந்தது. ஜன்னல் என்றால் சூடு வெளியே போகும் ஓட்டை என்ற எண்ணம். தெற்கு ஜன்னல் வழியாகக் குளிர்காலத்தில் வெயில் உள்ளே வந்து வீட்டைச் சூடாக்குமே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று ரோசன்ஃபெல்ட் போய்க் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. திசை, வெயில், சுவரின் கனம் எல்லாவற்றையும் மணிக்கு மணி கணக்கிடும் கம்ப்யூட்டர் நிரலை அவர் குழு எழுதியது. அது வளர்ந்து டிஓஇ-2 என்ற பெயரில் உலகம் முழுக்கப் போயிற்று. இன்று நான் ஒரு கட்டடத்தின் வரைபடத்தை உள்ளிட்டு, இந்தச் சன்ஷேடை இரண்டடி நீட்டினால் ஏசிக்கு எவ்வளவு குறையும் என்று பார்க்கிற மென்பொருளும் அந்த வம்சம்தான். கட்டடம் எழும்பும் முன்பே அதன் மின்கட்டணத்தைப் பார்க்க முடிவது எனக்கு இன்னும் ஆச்சரியம் தருகிறது.

இனி என் அனுபவம் ஒன்று. பெரிய அலுவலகக் கட்டடம், பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரவு அளவெடுக்கப் போயிருந்தோம். ஆள் நடமாட்டமே இல்லாத மூன்றாவது மாடியில் விளக்கும் ஏசிக் காற்றும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கூட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் சுவிட்ச் எங்கே என்று கேட்டேன்.

“இந்த ஃப்ளோருக்கு சுவிட்ச்சே கிடையாது மேடம். எம்சிபியத்தான் இறக்கணும். எந்த எம்சிபி எந்த ரூமுக்குன்னு தெரிஞ்சவரு ரிட்டயர் ஆயிட்டாரு. தப்பா இறக்கினா சர்வர் ரூம் போயிடும், அதனால யாரும் தொடுறதில்ல.”

பேனல் கதவைத் திறந்து காட்டினார். மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி விசைகள், இரண்டு வரிசையாக நாற்பதுக்கு மேல். ஒன்றின் மேலும் எழுத்தில்லை. பழைய ஸ்டிக்கர் உரிந்த பசைத்தடம் மட்டும் கறுப்பாக இருந்தது. நான் ஒவ்வொரு அறை வாசலிலும் போய் நிற்க, அவர் ஒவ்வொன்றாக இறக்கி ஏற்ற, “இது ரிசப்ஷன்ணே”, “இது மீட்டிங் ரூம்ணே” என்று கத்திக் கத்திச் சொல்லி, மார்க்கரால் எழுதி முடிக்க விடிகாலை ஆகிவிட்டது. சர்வர் அறையின் எம்சிபிக்கு மட்டும் அவரே சிவப்பு டேப் ஒட்டினார்.

விரிவாக அறிக்கை கொடுத்தோம். பாதிப் பரிந்துரைகளைச் செய்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கூட்டத்தில் கேட்ட கேள்வி: “பில் அதேதானே வருது, என்ன மிச்சமாச்சு?” அந்த ஒரு வருடத்தில் அவர்கள் காலியாக இருந்த ஒரு மாடியில் முழுக்க ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். புது மாடிக்கான மின்செலவு முழுவதும் பழைய வீணடிப்பை நிறுத்தி மிச்சமானதிலிருந்தே வந்திருந்தது. மாதாமாதம் மீட்டர் அளவு எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். தாளைப் புரட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீடு திரும்பி அந்தப் பழைய பிரிண்ட் அவுட்டை மறுபடியும் படித்தேன்.

எங்கள் தொழிலின் பெரிய கஷ்டம் இதுதான். மின்நிலையம் கட்டினால் புகைபோக்கி தெரியும், அமைச்சர் வந்து திறந்துவைப்பார். கட்டாமல் விட்ட நிலையத்துக்குத் திறப்பு விழா கிடையாது. மிச்சம் என்பது நடக்காமல் போன செலவு. நடக்காததை எப்படிக் காட்டுவது? ரோசன்ஃபெல்ட் நாற்பது வருடமும் இதற்குத்தான் வழி தேடினார் என்பது என் எண்ணம். கருவிகளைக் கண்டுபிடித்தவர்கள் அவரைச் சுற்றி நிறையப் பேர் இருந்தார்கள். அந்தக் கருவிகளால் மிச்சமானதைச் சாதாரண ஆள் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி எண்ணாக்கியவர் அவர். ஆளில்லாத அறையின் வெளிச்சத்தை லிட்டர் கணக்கில் சொன்னார். ஜன்னலில் போகும் சூட்டை எண்ணெய்ப் பீப்பாயில் சொன்னார். ஃபிரிட்ஜை மின்நிலையக் கணக்கில் சொன்னார்.

அப்படி வந்ததுதான் அவர் பெயரிலேயே வழங்கும் வரைபடம். எழுபதுகளின் நடுவிலிருந்து அமெரிக்காவின் தலைக்கு மின்நுகர்வுக் கோடு ஏறிக்கொண்டே போய், சுமார் 50 சதவீதம் கூடியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் கோடு 7,000 யூனிட் பக்கத்தில் கிட்டத்தட்டப் படுத்தபடியே வருகிறது. இதை ரோசன்ஃபெல்ட் விளைவு என்கிறார்கள். முழுப் பெருமையையும் விதிகளுக்குக் கொடுக்க முடியாது என்று வாதிடும் பொருளாதார அறிஞர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடலோரத்தின் மிதமான தட்பவெப்பம், கனரகத் தொழில் குறைவு, ஒரு வீட்டில் வாழும் ஆட்களின் எண்ணிக்கை, மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. இதை மறைத்துவிட்டு அந்தப் படத்தைக் காட்டுவது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு பங்கு மட்டுமே விதிகளுடையது என்று வைத்துக்கொண்டாலும் அது சின்னதில்லை.

அவர் 1994லிருந்து 1999 வரை வாஷிங்டனில் எரிசக்தித் துறைக்கு ஆலோசகராக இருந்தார். 2000லிருந்து பத்து வருடம் கலிஃபோர்னியா எரிசக்தி ஆணையர். அந்தப் பதவியை விட்டு இறங்கும்போது அவருக்கு வயது 83. விருதுகளும் வந்தன. தன் ஆசான் பெயரால் கொடுக்கப்படும் ஃபெர்மி விருது கிடைத்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நம் நாட்டுக்கும் இந்த வேருக்கும் தொடர்பு உண்டு. மும்பையில் பிறந்த அசோக் காட்கில் பெர்க்லியில் ரோசன்ஃபெல்ட்டிடம் ஆய்வு செய்தவர். நம் வீடுகளில் விளக்கு எரிவது சாயங்காலம், மின்வாரியம் திணறுகிற அதே நேரத்தில். வீட்டுக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் வாரியத்துக்கு யூனிட்டுக்கு யூனிட் நஷ்டம். அப்படியென்றால் குண்டு பல்புக்குப் பதில் சிக்கன விளக்கை வாரியமே வீட்டுக்குத் தவணையில் கொடுத்தால் வீட்டுக்காரருக்கும் லாபம், வாரியத்துக்கும் லாபம் என்று பம்பாய்க்கு ஒரு திட்டம் எழுதினார். 2015ல் எல்இடி பல்பை மொத்தமாக வாங்கிக் குறைந்த விலைக்கு நாடு முழுக்கக் கொடுத்தார்களே, அதற்கு நேர் வாரிசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கின் சாயல் அதில் இருக்கிறது. 2002ல் நம் எரிசக்தித் திறன் செயலகம் தொடங்கியது, 2006ல் நட்சத்திர முத்திரை வந்தது. கடையில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் அந்த நட்சத்திரங்கள், கோல்ட்ஸ்டீனின் புள்ளிப் படத்தில் வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருந்ததைத் தெரிய வைக்கின்றன.

2010ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து, மின்மிச்சத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயரை வைக்கலாம் என்றார்கள். ஒரு ரோசன்ஃபெல்ட் என்றால் வருடத்துக்கு 300 கோடி யூனிட் மிச்சம். 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்றைக் கட்டாமல் விடலாம். முப்பது லட்சம் டன் கரியமில வாயு குறையும். 1,800 யூனிட் தின்ற ஃபிரிட்ஜ் 500க்கு வந்தால் மிச்சம் 1,300. அமெரிக்காவில் 15 கோடி ஃபிரிட்ஜ் என்று வைத்துக்கொண்டால் அறுபத்தைந்து ரோசன்ஃபெல்ட். கட்டாமல் விட்ட அறுபத்தைந்து நிலையங்கள் சமையலறை மூலைகளில் நின்றுகொண்டிருக்கின்றன.

நம் வீட்டு மின்விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் 75 வாட். இப்போது வரும் பிஎல்டிசி என்ற சிக்கன மோட்டார் ஃபேன் 35 வாட்டுக்குள். வித்தியாசம் 40 வாட். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 120 யூனிட் மிச்சம். இரண்டரைக் கோடி ஃபேனை மாற்றினால் 300 கோடி யூனிட். சரியாக ஒரு ரோசன்ஃபெல்ட். தமிழ்நாட்டில் வீட்டு மின்இணைப்பு மட்டும் இரண்டு கோடிக்கு மேல். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ மாற்றினாலே ஒரு அனல்மின் நிலையத்தின் கொதிகலன் நம் தலைக்கு மேல் சத்தமில்லாமல் சுழல ஆரம்பித்துவிடும். இந்தக் கணக்கை வகுப்பில் போர்டில் எழுதும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். 40 வாட் என்று சொன்னபோது யாரும் நிமிரவில்லை.

கடைசிக் காலத்தில் அவர் ஓயாமல் பேசியது வெள்ளைக் கூரை. கறுப்புக் கூரை தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். புதிதாக வெள்ளை அடித்த கூரை ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். 2005ல் கலிஃபோர்னியா, வணிகக் கட்டடங்களின் தட்டைக் கூரை வெள்ளையாக இருக்க வேண்டும் என்று விதி போட்டது. ஹாஷெம் அக்பரி, சுராபி மேனன் இருவரோடும் சேர்ந்து 2009ல் அவர் வெளியிட்ட கணக்கு இது: ஆயிரம் சதுர அடி கறுப்புக் கூரையை வெள்ளையாக்கினால், பத்து டன் கரியமில வாயுவின் சூட்டை ஈடுகட்டியது போல. ஏசி இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். திரும்பிப் போகும் வெயில் ஊரையே கொஞ்சம் குளிர்விக்கிறது.

படிக்கும்போது எனக்கு எங்கள் வேலூர் வீடுதான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் பொங்கலுக்கு முன்னால் சுவரோடு மொட்டை மாடிக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். பிறகு மாடியில் ஓர் அறை கட்டினோம், தளத்தைச் சிமெண்ட் பூசி விட்டுவிட்டோம், சுண்ணாம்பு நின்றுபோனது. ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரி பதினொரு மணிக்கும் கீழ் அறையின் சீலிங் அனல் வீசும். ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளும்.

போன வருடம் சித்திரையில் ஊருக்குப் போனபோது கொத்தனாரைக் கூப்பிட்டு, அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பாதித் தளத்துக்கு மட்டும் வெயில் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்க வைத்தேன். அம்மாவுக்கு மாடி என்றால் வடாம். காலையில் கூழ் காய்ச்சி, பழைய வேட்டியை விரித்துப் பிழிந்துவிட்டு வருவாள். மத்தியானம் திருப்பிப் போடப் போகும்போது செருப்புப் போட மாட்டாள், சாப்பிடுகிற பொருள் இருக்கும் இடமாம். பாதத்தின் ஓரத்தால் மட்டும் மிதித்து, குடுகுடுவென்று ஓடி வேட்டி மேல் ஏறி நின்றுகொள்வாள். இத்தனை வருடமாக அந்த ஓட்டம் அவளுக்குப் பழக்கம்.

பூச்சு காய்ந்த மறுநாள் மத்தியானம் இரண்டு மணி. நானும் கூடவே ஏறினேன். சிமெண்ட் பக்கம் கையை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். வெள்ளைப் பக்கம் வைத்து இருபது வரை எண்ணினேன், எடுக்கத் தோன்றவில்லை. அம்மா வழக்கம்போலக் குடுகுடுவென்று ஓடி வந்தவள், வெள்ளை ஆரம்பிக்கும் கோட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். குனிந்து காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏண்டி, இது சுடவே இல்லையே?”

அன்று ராத்திரி வெள்ளைப் பூச்சுக்குக் கீழே இருக்கும் அறையில் பாயைப் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் போனில், மீதிப் பாதிக்கும் ஆளைக் கூப்பிடச் சொன்னாள். வெள்ளையில் பிழிந்த வடாம் காய ஒரு நாள் கூடுதலாகிறதாம். அதனால் தண்ணீர்த் தொட்டி பக்கத்து மூலையை மட்டும் சிமெண்டாகவே விட்டுவிடச் சொல்லி, எட்டடிக்கு எட்டடி என்று அளவும் சொன்னாள்.